வெப்பமண்டல ஊருக்கு நண்பர் வருகிறார்: சுற்றிக்காட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்காகவோ கல்யாணமாகியோ வந்து, வெப்பமண்டல ஊர் ஒன்றில் நிலைத்துவிட்டவர்களுக்கான பக்கம் இது. குளிர்தேசத்திலிருந்து பழைய நண்பர் பார்க்க வருகிறார், ஊரைச் சுற்றிக்காட்ட வேண்டும். ஊர் உங்களுக்குப் பழகிவிட்டது என்பதுதான் இதில் சிக்கலே. உங்கள் உடம்பு இந்த வெக்கைக்கு எப்போது பழகியது என்பதே உங்களுக்கு மறந்திருக்கும். வருபவரின் உடம்புக்கு அது இன்னும் புதிது. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவைதான்.

எந்த மாதம் வரலாம் என்று நண்பர் கேட்கிறார். என்ன சொல்வது?

கோடை, குளிர்காலம் என்ற கணக்கு இங்கே உதவாது. மழைக்கணக்கைப் பாருங்கள். பல ஊர்களில் மிகக் கொடிய புழுக்கம் மழைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில்தான் இருக்கும். வெயிலும் ஏறியிருக்கும், காற்றில் ஈரமும் சேர்ந்திருக்கும், மழை மட்டும் இன்னும் வந்திருக்காது. அந்த வாரங்களைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலமே ஆகாது என்று சொல்லிவிட வேண்டாம். வெப்பச்சலன மழை பெரும்பாலும் பிற்பகலில் கொட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலைப்பொழுது கழுவிவிட்ட மாதிரி இருக்கும். புயல் மாதங்கள் வேறு விஷயம். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை. வங்கக்கடல், அரபிக்கடல் பக்கம் ஏப்ரல் முதல் ஜூன் வரையும், மறுபடி அக்டோபர் முதல் டிசம்பர் வரையும். தென்கோளத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் இருக்கும் ஊர்களில் புயல் மிக அரிது. காற்றைச் சுழற்றும் புவிச்சுழற்சி விசை அங்கே மிகப் பலவீனமாக இருப்பதே காரணம்.

கிளம்பும் முன் நண்பரிடம் என்னென்ன சொல்லி அனுப்ப வேண்டும்?

முதலில் காகிதங்கள். பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் மீதியிருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். வரும் வழியில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் தங்கினாலோ நீண்ட நேரம் விமானம் மாறினாலோ தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் அது செல்லும். 2016 முதல் அது ஆயுளுக்கும் செல்லுபடி, புதுப்பிக்கத் தேவையில்லை.

மருத்துவரைப் பயணத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பே பார்க்கச் சொல்லுங்கள். மலேரியா உள்ள பகுதி என்றால் மாத்திரை எது என்பதைப் பொறுத்துத் தொடங்கும் நாள் மாறும். சிலதைக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது தொடங்கலாம், சிலதை 2, 3 வாரம் முன்பே தொடங்க வேண்டும். எதுவானாலும் ஊர் திரும்பிய பிறகும் சில நாளோ சில வாரமோ தொடர வேண்டும். பாதியில் நிறுத்துபவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

தினசரி மருந்து சாப்பிடுபவராக இருந்தால் ஒரு கேள்வியைத் தவறாமல் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்: "வெப்பத்தில் இந்த மருந்து என்ன செய்யும்?" சிறுநீர் பெருக்கிகள் உடம்பு நீரைச் சீக்கிரம் வற்றவைக்கும். தூக்கம் வரவழைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிடுபவருக்கு வெயிலில் தோல் சட்டென்று வெந்துவிடும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினைப் பொதுவாக 30 டிகிரிக்குள்தான் வெளியே வைக்கலாம் என்பதால், காரிலோ ஜன்னலோரத்திலோ விட்டுவைக்கக் கூடாது.

உடைகளைப் பொறுத்தவரை, தொளதொளப்பான முழுக்கைச் சட்டை இரண்டு, லேசான பேன்ட் இரண்டு, அகல விளிம்புத் தொப்பி. ஜீன்ஸ் ஒன்று போதும், அதையும் விமானத்தில் போட்டுக்கொண்டு வரட்டும். நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது. செருப்பும் ஷூவும் சற்றுத் தளர்வாக இருக்கட்டும், முதல் சில நாள் வெக்கையில் பாதம் வீங்கும். இறுக்கமான மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது.

வந்து இறங்கிய அன்றே சுற்றக் கிளம்பலாமா?

கிளம்பலாம், ஆனால் சாயங்காலம், பக்கத்துத் தெருவரைக்கும்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதில் பெரும்பகுதி மாற்றம் முதல் வாரத்திலேயே நடந்துவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமாகத் தொடங்குகிறது, அதிகமாகச் சுரக்கிறது, அதில் உப்பு குறைவாக வெளியேறுகிறது. முதல் மூன்று நாளில் இவை எதுவும் முழுதாக நடந்திருக்காது. உங்களுக்குச் "சும்மா வேர்க்கிற" நடை அவருக்கு நெஞ்சு படபடக்கும் நடையாக இருக்கும்.

ஆகவே முதல் நாள் அரை மணி நேரம் வெளியே, இரண்டாம் நாள் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி, மூன்றாம் நாள் காலையில் இரண்டு மணி என்று ஏற்றிக்கொண்டு போங்கள். நாள் முழுக்க ஏசி அறையில் கிடந்தால் உடம்பு பழகவே பழகாது. பத்து நாள் ஆனாலும் அவர் முதல் நாள் விருந்தாளிதான். தினமும் கொஞ்ச நேரம் வியர்க்க வேண்டும்.

நேரமண்டலம் மாறி வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. கிழக்கு நோக்கி வந்தவருக்கு இரவில் தூக்கம் வராது, மேற்கு நோக்கி வந்தவர் விடியுமுன்பே எழுந்து உட்கார்ந்திருப்பார். இரண்டாவது வகை நண்பர் சுற்றிக்காட்டுபவருக்கு வரம். ஊர் அழகாக இருக்கும் நேரத்தில் அவர் தானாகவே விழித்திருக்கிறார்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல்பொழுது ஆண்டு முழுக்க ஏறத்தாழ 12 மணி நேரம். 10 பாகை தள்ளியிருக்கும் ஊரிலும் 11½ மணிக்கும் 12¾ மணிக்கும் நடுவில்தான் ஊசலாடும். நீண்ட கோடை மாலைக்குப் பழகிய நண்பர் "சாயங்காலம் ஏழரைக்கு மலையேறிப் பார்க்கலாமே" என்பார். சூரியன் மறைந்த 20, 25 நிமிடத்தில் இங்கே இருட்டிவிடும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைவைப் பார்க்க உயரமான இடத்துக்குப் போனால், இறங்கும் வழிக்கு டார்ச் கையில் இருக்க வேண்டும்.

வேலை செய்யும் அட்டவணை ஒன்றுதான். வெளியில் பார்க்க வேண்டியதையெல்லாம் விடியலிலிருந்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். பத்திலிருந்து நான்கு வரை கூரைக்கடியில்: குளியல், சாப்பாடு, குட்டித்தூக்கம், அருங்காட்சியகம், நூலகம், வாகனப் பயணம். நாலரைக்கு மேல் மறுபடி வெளியே. வெயிலின் புற ஊதாக் கதிர் உச்சிப்பொழுதில் உச்சம் தொடும். காற்றின் வெப்பமோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் உச்சிக்குப் போகும். "பன்னிரண்டு தாண்டிவிட்டது, இனிக் குறைந்துவிடும்" என்று இரண்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் சரியாக அடுப்புக்குள் இறங்குகிறார்கள்.

கடிகாரம் பார்க்கத் தேவையில்லாத அளவுகோலும் ஒன்று உண்டு. நண்பரின் நிழல் அவர் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டதா? சூரியன் 45 பாகைக்கு மேல் ஏறிவிட்டது, தோல் வேகும் நேரம். உள்ளே கூட்டிப்போங்கள்.

நடக்கும் வழியை எப்படித் தேர்ந்தெடுப்பது? எவ்வளவு தூரம்?

முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு 2 முதல் 3 கிலோமீட்டர், நடுவில் உட்கார இரண்டு இடம். அவ்வளவுதான்.

வழியை வரைபடத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நண்பரைக் கூட்டிப்போகும் அதே மணிக்கு, முந்தைய வாரம் ஒரு தடவை நடந்து பாருங்கள். தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: நிழல் எங்கே அறுகிறது, எங்கே உட்காரலாம், சுத்தமான கழிப்பறை எங்கே, வாகனம் வந்து ஏற்றிக்கொள்ளக்கூடிய முனை எது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நடைபாதையின் நடுவில், வண்டி நுழையாத சந்தில் நண்பருக்குத் தலைசுற்றினால்தான் அதன் அருமை தெரியும்.

நிழலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குப் பக்க நடைபாதை நிழலில் இருக்கும், மாலையில் மேற்குப் பக்கம். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் காலையிலும் மாலையிலும் வெயில் தெருவின் நீளத்துக்கே பாயும், கண்ணும் கூசும். அதனால் வடக்கு தெற்குத் தெருக்களாகக் கோத்து வழி போட்டு, குறுக்குத் தெருக்களைச் சட்டென்று கடந்துவிடுங்கள். மரநிழல் கட்டட நிழலைவிட மேல். இலைகள் நீராவி விடுவதால் அடியில் காற்றும் சற்றுக் குளிர்ந்திருக்கும்.

நண்பரை முன்னால் நடக்கவிடுங்கள். வேகத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். நீங்கள் முன்னால் போனால் உங்கள் வழக்கமான நடைக்கு அவர் ஈடுகொடுக்கப் பார்ப்பார். மரியாதைக்காகக் கடைசிவரை வாயே திறக்க மாட்டார்.

தண்ணீர் எவ்வளவு குடிக்க வேண்டும்? வெறும் தண்ணீர் போதுமா?

வெயிலில் நடக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு குவளை, அதாவது 200 முதல் 250 மில்லி. தாகம் எடுத்த பிறகு ஒரேயடியாக ஒரு லிட்டர் குடிப்பதைவிட இது மேல். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அளவு மீறி வெறும் தண்ணீராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். அதை வெக்கைத் தளர்ச்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் நடைக்குத் தண்ணீரும் வழக்கமான சாப்பாடும் போதும். நனைய நனைய வியர்த்த நாளில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பாதித் தண்ணீரில் கரைத்தால் அடர்த்தி கூடி, பலன் தலைகீழாகும். பொட்டலம் இல்லையென்றால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. வாயில் வைத்தால் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் போன உப்பை அது முழுதாக ஈடுகட்டாது.

போதுமான அளவு குடிக்கிறாரா என்பதற்குச் சிறுநீரே சாட்சி. வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தாலோ, நான்கைந்து மணி நேரமாகப் போகவே இல்லையென்றாலோ நடையை நிறுத்துங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள். கழிப்பறை எங்கே கிடைக்குமோ என்று பயந்து குடிக்காமலே நடக்கும் விருந்தாளிகள் உண்டு. கிளம்பும்போதே "வழியில் இரண்டு இடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீரும்.

நண்பர் எரிந்து விழுகிறார். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?

முதலில் வெயிலைச் சந்தேகப்படுங்கள். எரிச்சல், பேச்சுக் குறைவது, படம் எடுப்பதை நிறுத்துவது, எதைக் காட்டினாலும் "ம்" என்பது எல்லாம் வெக்கைத் தளர்ச்சியின் ஆரம்பமாக இருக்கலாம். தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் இழுப்பு, கொட்டும் வியர்வை சேர்ந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, துணியைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். சிறுகச் சிறுகக் குடிக்கக் கொடுங்கள். அரை மணியில் தெளிய வேண்டும். அன்றைய சுற்றல் அத்தோடு முடிந்தது.

பேச்சு குழறினால், நீங்கள் யார் என்பதிலேயே தடுமாறினால், தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பவாதம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, நனைந்திருந்தும் வெப்பவாதம் வரும். ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள். தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள், தொட்டியில் கழுத்தளவு உட்காரவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி வையுங்கள். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்த வெப்பத்தைக் குறைக்காது, கொடுக்க வேண்டாம்.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமரா மங்கிவிடுகிறதே?

குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரக்காற்று படிந்து துளியாகிறது. துடைத்தால் திரும்பத் திரும்ப மங்கும், லென்ஸில் கீறலும் விழும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே கேமராவை இறுக்க மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ஏசி இல்லாத வராந்தாவில் வைத்துவிடுங்கள். பைக்கு வெளியே ஈரம் படிந்து காய்ந்ததும் திறக்கலாம். ஏசியை 25, 26 டிகிரியில் மின்விசிறியோடு சேர்த்து ஓட்டினால் இந்தத் தொல்லையும் குறையும், நண்பரின் உடம்பும் வெளிக்காற்றுக்குச் சீக்கிரம் பழகும்.

கொசுவை எப்படிச் சமாளிப்பது?

"ராத்திரிக்கு வலை கட்டியிருக்கிறேன்" என்பது பாதிப் பதில். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. விடிந்த பிறகு இரண்டு மணி நேரமும், சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்கு உச்சவேளை. நாம் வெயிலுக்குப் பயந்து ஊர் சுற்ற ஒதுக்கியிருக்கும் அதே நேரம்! ஆகவே காலை நடைக்கே விரட்டி பூசியாக வேண்டும். மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் இரவில் வரும், வலை அதற்குத்தான்.

20 முதல் 30 சதவீத டீட், அல்லது 20 சதவீத பிகாரிடின் உள்ள பூச்சு நம்பகமானது. முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்த பிறகு மேலே கொசு விரட்டி. மாற்றிப் பூசினால் இரண்டுமே சரியாக வேலை செய்யாது. கணுக்காலையும் பாதத்தின் மேற்புறத்தையும் விட்டுவிடாதீர்கள், ஏடிஸ் தாழப் பறந்து அங்கேதான் குறிவைக்கும். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும், வாட்ச் கண்ணாடியும் மூக்குக்கண்ணாடி விளிம்பும் பாழாகும். பூசியதும் உள்ளங்கையைக் கழுவச் சொல்லுங்கள்.

நண்பர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பூந்தொட்டியடித் தட்டு, ஏசி நீர் சொட்டும் டப்பா, மூடாத வாளி. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். இன்று கொட்டிவிட்டால் அவர் வரும்போது உங்கள் வீட்டுக் கொசுவாவது இருக்காது.

சன்ஸ்கிரீன் பூசியும் தோல் உரிகிறது. ஏன்?

அளவு போதவில்லை. முழு உடம்புக்கு 30 மில்லி வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். எஸ்.பி.எஃப். 30 போதுமானது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூசுவதுதான் முக்கியம். மேகமூட்டத்தை நம்பாதீர்கள். காது நுனி, வகிடு, செருப்பு வார் விட்ட பாதம், முழங்காலின் பின்புறம் ஆகிய நான்கிடத்தைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

மழை பிடித்துக்கொண்டால் திட்டம் கெட்டுவிடுமே?

அந்த மழையே ஒரு காட்சிதான். குளிர்தேசத்து மழை நாள் முழுக்க நசநசவென்று தூறும். இங்கே காற்று திடீரென்று குளிர்ந்து, மண்வாசம் எழுந்து, தூரத்துக் கூரைகளில் சத்தம் கேட்டு, அது நெருங்கி வந்து தலைமேல் இறங்கும். நல்ல கூரையும் திறந்த பக்கமும் உள்ள இடமாகப் பார்த்து உட்காரவைத்துவிடுங்கள்.

இடி மின்னலில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக எண்ணினால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போங்கள். தனி மரத்தடி கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே. தெருவில் தேங்கிய நீரில் இறங்கி நடக்கவிடாதீர்கள். மூடியில்லாத சாக்கடைக்குழி கண்ணுக்குத் தெரியாது, காலில் சிறு புண் இருந்தாலும் எலிக்காய்ச்சல் தொற்றலாம். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்கடியில் வையுங்கள். வெயிலில் காயவைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.

கடற்கரைக்குக் கூட்டிப்போகலாமா?

அதிகாலையில் தாராளமாக. நண்பர் நல்ல நீச்சல்காரர் என்றால் கூடுதல் கவனம் தேவை, நீச்சல்குளத் தைரியம் கடலில் ஆபத்து. இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் கரையில் நின்று அலையைப் பாருங்கள். இருபுறமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கலங்கலாகவோ கருத்தோ, நுரையைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறதா? பார்வைக்கு அதுதான் அமைதியான இடம். உண்மையில் அதுதான் இழுப்பு நீரோட்டம். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகி, பிறகு திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையை ஆட்ட வேண்டும். இதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வயிறு கெட்டால்?

முதல் இரண்டு நாள் புதுச் சாப்பாட்டை ஒரு வேளைக்கு ஒன்றாக அறிமுகப்படுத்துங்கள். கண்ணெதிரே சூடாக இறக்கியது, தோலை நாமே உரித்தது, இந்த இரண்டும் பெரும்பாலும் பாதுகாப்பு. குடிநீரைக் கொதிக்கவைப்பதாக இருந்தால் தளபுளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், 2000 மீட்டருக்கு மேல் உயரமான ஊரென்றால் மூன்று நிமிடம். பேதி ஆனால் ஓ.ஆர்.எஸ்., ஓய்வு. இரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தால் பேதி நிறுத்தும் மாத்திரை கொடுக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீளம், நாளோ குறைவு. எதை விடுவது?

பாதியை விடுங்கள். ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்றுதான். இணையத்தில் முதலில் வரும் இடங்களை நண்பரே தேடிக்கொள்வார். குடியிருப்பவரால் மட்டும் காட்ட முடிவது வேறு: விடியலில் மொத்தச் சந்தை சரக்கு இறக்குவது, நகரப் பேருந்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஜன்னலோரப் பயணம், பள்ளி விடும் நேரத்துத் தெரு, அந்தியில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டமாகக் கிளம்புவது.

தூங்குமூஞ்சி மரம் இருந்தால் மாலை ஐந்தரைக்கு அதனடியில் போய் நில்லுங்கள். காலையில் குடையாக விரிந்திருந்த இலைகள் ஒவ்வொரு ஜோடியாக மடங்கிக்கொண்டே வரும். மேலே வானம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். ஒரு கிளையை மட்டும் குறித்துக்கொண்டு, வேறு எதையாவது பேசிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். மழைமூட்டத்தில் பகலிலேயே மடங்கும். செலவில்லாத காட்சி, நண்பர் ஊரில் கிடைக்காதது.

வானமும் அவருக்குப் புதிதுதான். அவர் ஊரில் பிறை செங்குத்தாக நிற்கும். இங்கே பல மாதங்களில் தோணியாக மல்லாந்து கிடக்கும். வட துருவ மீனின் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம். 10 பாகை வடக்கில் இருக்கும் ஊரில், நீட்டிய கையின் ஒரு முட்டி உயரத்தில்தான் தெரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னிரவில் தெற்கே தென்சிலுவையைத் தேடலாம். கடக, மகர ரேகைகளுக்கு நடுவில் உள்ள எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நண்பர் இருக்கும் வாரத்தில் அந்த நாள் விழுந்தால், உச்சிவேளையில் ஒரு பாட்டிலைத் தரையில் நிறுத்துங்கள். நிழல் அடியோடு மறையும். உச்சிவேளை என்பது கடிகாரப் பன்னிரண்டு அல்ல. அன்றைய உதயத்துக்கும் மறைவுக்கும் நடுப்புள்ளியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை, முடித்துவிட்டு உடனே உள்ளே வந்துவிடலாம்.

ஊரைப் பற்றி நண்பர் கேட்பதற்கெல்லாம் எனக்கே பதில் தெரியவில்லை. நானும் வந்து குடியேறியவர்தானே?

கதை கட்டாதீர்கள், அது ஒன்றுதான் விதி. வருவதற்கு முன் மூன்று கேள்விக்கு விடை தேடிக்கொண்டால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்: ஊர் ஏன் இந்த இடத்தில் எழுந்தது (ஆற்று முகமா, துறைமுகமா, கணவாயா, சுரங்கமா), எதை விற்றுப் பிழைத்தது, யார் யார் எப்போது வந்து சேர்ந்தார்கள். தெருப்பெயர்களும் பழைய கட்டடங்களும் சந்தையின் மொழிகளும் இந்த மூன்றிலிருந்தே விளங்கத் தொடங்கும்.

அரைநாளுக்கு உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, நீங்களும் கூடவே நடங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஊரில் பிறந்த ஒருவர் வீட்டில் அரை மணி உட்கார வாய்ப்பிருந்தால் அது இன்னும் மேல். அப்போது மொழிபெயர்ப்பாளர் வேலையை அளவாகச் செய்யுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் பெயர்த்துக்கொண்டிருந்தால் இருவரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாள் முழுக்க நான் கூடவே இருக்க வேண்டுமா?

வேண்டாம், அவருக்கும் அலுத்துவிடும். நான்காம் நாளிலிருந்து ஒரு வேளையாவது தனியே அனுப்புங்கள். உங்கள் வீட்டு முகவரியும் அருகிலுள்ள அடையாளமும் உள்ளூர் எழுத்தில் எழுதிய சீட்டு, உங்கள் தொலைபேசி எண், சில்லறை நோட்டுகள், இணையமில்லாமல் வேலை செய்யும் வரைபடம் ஆகியவற்றோடு போகட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று மட்டும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டு சட்டென்று விழும் என்பதை மறுபடி ஞாபகப்படுத்துங்கள்.

தங்கும் அறையில் என்ன தயார் செய்ய வேண்டும்?

படுக்கைக்கு நேர்மேலே ஓடும் மின்விசிறி, ஓட்டையில்லாத வலை, இரண்டு துண்டு (ஒன்று காய்வதற்குள் இன்னொன்று தேவைப்படும்), மின்வெட்டுக்கு டார்ச், மூடிபோட்ட தண்ணீர்க் குடுவை. தோல்பை, தோல்செருப்பை மூடிய அலமாரியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும், வெளியே காற்றாட இருக்கட்டும். சுவரில் பல்லி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வியர்க்குரு வந்தால் குளிர்ந்த நீரில் குளியல், தளர்ந்த பருத்தித் துணி. கெட்டியான கிரீமும் எண்ணெயும் வியர்வைத் துளையை இன்னும் அடைக்கும். தொடை உரசலுக்கு நடைக்கு முன்பே வாசலின் தடவிக்கொள்ள வேண்டும், புண்ணான பிறகு தடவிப் பயனில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தால்?

டெங்கு பெரும்பாலும் கடித்த 4 முதல் 10 நாளில் தலைகாட்டும், 14 நாளைத் தாண்டுவது அரிது. மலேரியா கடித்த 7 நாளுக்கு முன் வராது. ஆனால் பல வாரம், சில வகைகளில் பல மாதம் கழித்தும் வரலாம். குளிர்தேசத்து மருத்துவர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று அனுப்பிவிட வாய்ப்புண்டு. அதனால் "வெப்பமண்டல நாட்டுக்குப் போயிருந்தேன், இந்தத் தேதியில் திரும்பினேன்" என்பதை நண்பரே முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மலேரியா பகுதிக்குப் போய் வந்தவர் அன்றே இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். முதல் சோதனையில் தெரியாவிட்டால் அடுத்த ஓரிரு நாளில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் இரண்டையும் தொடக் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அளவுக்குள்.